பேட்டிக்குப் போகும் பிள்ளையின் உடுப்பு

கோல சிலாங்கூரிலும் தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் முதலிய ஊர்களிலும் கடை வைத்து நடத்தும் நம்மவர்களுக்கு ஆண்டில் ஒரு பருவத்தில் ஒரு தனி வகை வாடிக்கை வருவதுண்டு. மருத்துவத்திற்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ மனுச் செய்த பிள்ளைக்கு நேர்முகப் பேட்டிக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கும். தகப்பனார் பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். "பேட்டிக்குப் போறான், பாய். என்ன போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்பார். கேட்கும்போதே அவர் கண் மேலே தொங்கும் கறுப்புக் கோட்டின்மீது போய் நிற்கும்.

அந்தக் கோட்டின் விலை 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆகவே ஒரு வாரக் கூலிக்குச் சற்றேறக்குறைய ஈடான பொருளை, ஒரே ஒரு காலை வேளைக்காக அவர் வாங்க நினைக்கிறார். பாதியை இன்று தந்துவிட்டு மீதியைப் பற்று எழுதிக்கொள்ளச் சொல்வார். நாம் கோட்டை இறக்கிக் கொடுக்கலாமா? சட்டம் தடுக்கவில்லை, வாங்குகிறவர் மனமும் சம்மதம். இருந்தும் இது யோசிக்க வேண்டிய விஷயமென்றே எனக்குத் தோன்றுகிறது.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று சொல்லித்தான் ஜவுளி வியாபாரி பிழைக்கிறான். நல்ல உடுப்பைக் குறை சொல்லும் மார்க்கமும் நம்முடையதல்ல. தொழுகைக்கு நிற்கும்போது துப்புரவாகவும் அழகாகவும் உடுத்தி நிற்கப் பழகியவர்கள் நாம். ஆனால் அதே மார்க்கத்தில், தானியக் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியும் இருக்கிறது. மேலே உலர்ந்த தானியம், உள்ளே நனைந்த தானியம். நனைந்ததை மேலே வைக்கவில்லையே என்று அந்த வியாபாரி கண்டிக்கப்பட்டதை நம்மில் அறியாதார் இல்லை. இரவல் கோட்டும் கடன் கோட்டும் மேலே பரப்பிய உலர்ந்த தானியந்தானா? தோட்டத்துப் பிள்ளை தன்னை இல்லாத ஒன்றாகக் காட்டிக்கொள்கிறானா?

அப்படி நான் கருதவில்லை. தானியம் வாங்குகிறவன் கேட்பது தானியத்தை. அதனால் ஈரத்தை மறைப்பது மோசடியாகிறது. பேட்டி காண்பவர்கள் தேடுவதோ பையனுடைய அறிவை, பொறுமையை, நோயாளியிடமோ மாணவனிடமோ பேசக்கூடிய பக்குவத்தை. இவற்றில் எதையும் கோட்டு மூடி மறைக்க முடியாது. வாய் திறந்ததும் வெளியே வந்துவிடும். உடுப்பு சாக்கைப் போன்றது. சாக்கு சுத்தமாயிருப்பதில் வஞ்சனை ஒன்றுமில்லை. ஆனால் தான் படிக்காத பள்ளியின் சின்னம் பொறித்த டையையோ, தான் வகிக்காத பதவியின் வில்லையையோ குத்திக்கொண்டு போனால், அது பொய்ச் சரக்கு. அங்கே உடுப்பு ஒரு செய்தி சொல்கிறது, அந்தச் செய்தி பொய். இந்த எல்லை வியாபாரிக்கு நன்றாகவே தெரிந்த எல்லை.

மோசடி இல்லையென்றால் கோட்டை விற்றுவிடலாமே என்று கேட்கலாம். இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. வாழ்நாளில் முதன்முறையாகக் கோட்டுப் போடுகிறவனைக் கடைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கவனித்திருக்கிறீர்களா? பித்தானைத் தடவுவான், கைமுனையை இழுப்பான், தோளைத் தூக்குவான். அவன் மனத்தில் பாதி அந்தத் துணிக்குள்ளேயே இருக்கும். பேட்டியறையில் அவனுக்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. அவற்றில் பாதியைக் கோட்டுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் கேள்விக்குக் கொடுப்பது நட்டந்தானே?

புதுச் சட்டைக்கும் இது பொருந்தும். பெட்டியிலிருந்து எடுத்த சட்டையில் மடிப்புக் கோடு நெஞ்சின் குறுக்கே சிலுவை போலத் தெரியும். கழுத்துப் பட்டை உறுத்தும். பேட்டிக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, இரண்டு தரம் உடுத்தி, துவைத்து, தேய்த்து வைத்த சட்டையே அந்தக் காலைக்கு உகந்தது. உட்கார்ந்து பார்க்க வேண்டும். கால்சட்டை இடுப்பை நெரிக்கிறதா என்பது நிற்கும்போது தெரியாது. சபாக் பெர்ணமிலிருந்து கோலாலம்பூருக்குப் புலர்வதற்கு முன் புறப்படுகிறவன் சட்டையைத் தனியே மாட்டி எடுத்துப் போய், அங்கே மாற்றிக்கொள்வது நலம். சப்பாத்து புதிதாக இருக்கவே வேண்டாம். பள்ளிக்குப் போட்ட கறுப்புச் சப்பாத்தே மெருகேற்றினால் போதும். கடிக்கும் சப்பாத்தோடு ஒருவன் புன்சிரிப்புடன் பதில் சொல்வது கஷ்டம். டை கட்ட வேண்டுமென்று கடிதத்தில் இருந்தால் கட்டட்டும். இதில் ஒரு வேடிக்கை: மருத்துவராக வேண்டுமென்று பிள்ளைகள் டையை முடிந்துகொண்டு போகிறார்கள், இங்கிலாந்திலோ 2007ஆம் ஆண்டில், நோய்க் கிருமிகளைக் கட்டுப்படுத்துவதற்காக, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்கள் டையையும் நீளக் கையையும் கைக்கடிகாரத்தையும் விட்டுவிடும்படி சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. கணினி வழியாகப் பேட்டி நடக்கும்போது இடுப்புக்கு மேல் மட்டும் உடுத்திவிட்டுக் கீழே கைலியோடு உட்காரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நிற்காதவரை சரி!

இனி, இதைவிடக் கடினமான இடத்திற்கு வருவோம். தன் அடையாளமாக இருக்கும் ஒன்றைப் பேட்டிக்காகக் கழற்றலாமா?

1893ஆம் ஆண்டு மே மாதம் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இறங்கினார். அவரை வரவழைத்தவர் நம்மைப் போன்ற ஒரு முஸ்லிம் வியாபாரி, தாதா அப்துல்லா சேட். சில தினங்களில் சேட் அவரை நீதிமன்றத்திற்கு அழைத்துச் சென்றார். தலைப்பாகையைக் கழற்றும்படி நீதிபதி சொன்னார். முஸ்லிம் உடையில் வந்தவர்கள் தலைப்பாகையோடு இருக்கலாம், மற்ற இந்தியர்கள் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். காந்தியடிகள் மறுத்து வெளியேறினார். வம்பே வேண்டாம், ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொள்கிறேன் என்று அவர் எண்ணியபோது சேட் தடுத்தார். தலைப்பாகைதான் உமக்குப் பொருத்தம், தொப்பி போட்டால் உம்மை ஓட்டல் பரிசாரகர் என்று நினைப்பார்கள் என்றார். மறு ஆண்டு, 1894 செப்டம்பரில், நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவாகச் சென்றார். வெள்ளை வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது, எதிர்ப்பு தள்ளப்பட்டது. பிரமாணம் எடுத்ததும், வழக்கறிஞர் உடை விதிப்படி தலைப்பாகையைக் கழற்றும்படி தலைமை நீதிபதி சொன்னார். இம்முறை கழற்றிவிட்டார்! சேட்டுக்கும் நண்பர்களுக்கும் அது பிடிக்கவில்லை.

முரண்பாடு என்று சேட் வருந்தியதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அவர் பணம் போட்டவர், மானமும் பார்த்தவர். ஆயினும் இரண்டு கட்டளைகளும் ஒன்றல்ல. முதலாவது, இந்தியரில் ஒரு சாராரைப் பிரித்துத் தாழ்த்திய கட்டளை. இரண்டாவது, அந்தத் தொழிலுக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் உள்ள உடுப்பு விதி. எல்லாருக்கும் பொதுவாகத் தொழில் கேட்பதைக் கொடுக்கலாம். ஒரு வகையாரைக் குனிய வைக்கவே கேட்பதைக் கொடுக்க வேண்டியதில்லை. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஒரு கிரிக்கெட் கிளப்பின் வாசலில் தடுக்கப்பட்டார். வேட்டிக்கும் அங்கே நடக்கவிருந்த விழாவுக்கும் என்ன பகை? அதே ஆண்டில் தமிழக அரசு அதற்கெதிராகச் சட்டமே கொண்டுவந்தது.

நம் பிள்ளைகளுக்கு இங்கே இந்தச் சங்கடம் குறைவு. சொங்கோக்கும் முக்காடும் இந்நாட்டில் மரியாதை உடையின் பகுதிகள். தோட்டத்து இந்துப் பிள்ளைதான் தயங்குகிறான். நெற்றியில் திருநீறு வேண்டாமோ, பெண்பிள்ளை பாஜு குரோங் போட்டால்தான் மதிப்பார்களோ என்று தாயார் நம்மிடமே கேட்கிறார். அவர்கள் வழக்கம் வேறு, நம் வழக்கம் வேறு. கேட்டவருக்கு உண்மையைச் சொல்வது நம் கடமை. பாஜு குரோங், பஞ்சாபி உடை, சேலை மூன்றும் இங்கே கௌரவமான உடைகளே. எதில் அந்தப் பெண் தாராளமாக நடப்பாளோ அதை உடுத்தட்டும். தாய் இட்டு அனுப்பும் ஒரு கீற்றுத் திருநீற்றைப் பஸ்ஸில் துடைத்துவிட்டுப் போகச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? எந்தத் தொழில் விதியும் அதைக் கேட்கவில்லை.

பேட்டி காண்கிறவர்களுக்கும் கடமை உண்டு. 1920இல் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளநூலார், மேலதிகாரிகள் தமக்குக் கீழுள்ள படை வீரர்களுக்கு இட்ட மதிப்பை ஆராய்ந்தார். ஒருவனுடைய தோற்றத்தை நல்லதென்று மதித்தவர், அவன் அறிவையும் குணத்தையும் சேர்த்தே உயர்த்தி மதித்திருந்ததைக் கண்டார். கண் ஒன்றைப் பார்க்க, மனம் பத்தை எழுதிக்கொள்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1980ஆம் ஆண்டு தீர்ப்பான அஜய் ஹாசியா வழக்கைப் பாருங்கள். சிறீநகர் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, பேட்டிக்கு 50 மதிப்பெண். பேட்டியோ ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிஷம். யார் மகன், எங்கே குடியிருப்பு என்றே கேட்டார்களாம். இத்தனை பங்கு பேட்டிக்குக் கூடாது, நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகலாகாது என்று நீதிமன்றம் சொன்னது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் வேறு வழி கண்டார்கள். ஒரே குழுவின் முன் நிறுத்தாமல், பத்துப் பன்னிரண்டு சிறு அறைகளில் வெவ்வேறு ஆட்கள் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். ஒரு அறையில் சட்டையைப் பார்த்து முகம் சுளித்தவர் மற்ற அறைகளைக் கெடுக்க முடியாது. மலேசியாவிலும் சில மருத்துவக் கல்விக் கூடங்கள் இம்முறையைக் கையாள்கின்றன.

சரி, அவர்களைக் குறை சொல்லும் நாம் நமது கல்லாவுக்குப் பின்னால் என்ன செய்கிறோம்? உள்ளே நுழைகிறவனின் காலைப் பார்த்துத்தான் எந்த விலைத் துணியை எடுத்துப் போடுவது என்று தீர்மானிக்கிறோம். பற்றுக் கொடுப்பதும் மறுப்பதும் பாதி அந்தப் பார்வையிலே முடிந்துவிடுகிறது. சேற்றோடு வந்தவனை நிற்க வைத்து, கார் சாவியோடு வந்தவனுக்கு நாற்காலி போடுகிற கடைகள் எத்தனை!

நேட்டாலில் காந்தியடிகளிடம் முறையிட வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முன்பற்கள் உடைந்து வாயில் இரத்தம் வழிய, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளையர்முன் அப்படி நிற்க வேண்டுமென்பது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. அவர் அதை முதலில் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டினான், முகம் மலர்ந்தது. நமக்குப் பக்கத்திலும் இது நடந்ததுதான். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலை நிறுத்தங்களில் தொழிலாளர்கள் கேட்டவற்றுள், துரைமாரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. இன்று பேட்டிக்குப் போகும் பிள்ளையின் பாட்டனாரோ பூட்டனாரோ அப்படி இறங்கி நின்றவராயிருக்கலாம். அந்தத் தகப்பனார் கோட்டை அண்ணாந்து பார்ப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமென்று நினைக்கிறேன். தன் மகன் யார்முன்னும் கூனி நிற்கக் கூடாதென்று அவர் ஆசைப்படுகிறார். அந்த ஆசைக்குக் கோட்டுத் துணி விலை கேட்கிறது.

ஆகையால் அவரைக் கேலி செய்யாமல், நாற்காலி போட்டு உட்கார வைத்து, கணக்கைச் சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். கோட்டு வேண்டுமென்று அதில் எழுதியிருந்தால், இந்த ஊரில் யாரிடம் இரவல் கிடைக்கும் என்று விசாரித்துக் கொடுங்கள், நம் வீட்டு அலமாரியிலேயே ஒன்று தொங்கக்கூடும். எழுதியிராவிட்டால் ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு கறுப்புக் கால்சட்டையும் போதும் என்று சொல்லி, நல்ல துணியாகப் பார்த்து எடுத்துப் போடுங்கள். நமக்கு அன்று 300 வெள்ளி வியாபாரம் குறையும். தையற்காரரிடம் கால்சட்டையின் கீழ் மடிப்பில் மட்டும் ஓர் அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். அந்த வயதில் பையன்கள் இன்னும் வளர்கிறார்கள்.