வாசலை அடைத்துவிட்டு வழக்கு கேட்பதா?

ஐக்கிய நாடுகள் அவையின் பெண்கள் நிலை ஆணையம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நியூயார்க்கில் கூடுகிறது. 2026ஆம் ஆண்டு அமர்வின் முதன்மைப் பொருள், எல்லாப் பெண்களுக்கும் நீதி எட்டவேண்டும் என்பது. ஆனால் 2025 ஜூனில் அமெரிக்கா 12 நாடுகளின் மக்கள் தன் மண்ணில் நுழையத் தடை விதித்தது. அவற்றுள் 7 ஆப்பிரிக்க நாடுகள்; சூடானும் சோமாலியாவும் அதில் அடக்கம். தூதர்களுக்கும் அரசுப் பிரதிநிதிகளுக்கும் விலக்கு உண்டு. பார்வையாளர் விசாவை நம்பியிருக்கும் ஊர்ச் சங்கத்துப் பெண்களுக்கு அந்த விலக்கு இல்லை.

அநீதிக்கு ஆளானவளை வெளியே நிறுத்திவிட்டு அவளைப் பற்றித் தீர்மானம் எழுதுவது அறமாகாது. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

சூடானின் கார்ட்டூம் தெருவோரங்களில் தேநீர் விற்கும் பெண்களை எண்ணிப் பார்க்க வேண்டும். போலீஸ் சோதனைக்கு வந்தால் அடுப்பு, கெண்டி, கோப்பை எல்லாம் பறிபோகும். அந்தப் பெண்களில் ஒருவரான அவதியா மஹ்மூத் 1990இல் தேநீர், உணவு விற்கும் பெண்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பறிபோன பொருளை மீட்கச் சட்ட உதவிக்கு வழி செய்தார். சங்கத்தின் கடனுக்காகச் சிறையும் சென்றார். 2016இல் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துத் துணிச்சலுக்கான விருதளித்தது இதே அமெரிக்க அரசுதான். கெண்டி பறிபோன நாளில் பிள்ளைகளுக்கு என்ன பொங்கிப் போடுவது என்ற கேள்வியை எந்த நிபுணரின் அறிக்கையும் அந்தப் பெண்களைப்போல் எடுத்துச் சொல்லாது.

நேரில் இருப்பதன் வலிமைக்கு லைபீரியா சாட்சி. 2003இல் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெள்ளை உடை அணிந்து, கிறித்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போரை நிறுத்தக் கோரினார்கள். பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவில் இழுபறியானபோது, லேமா போவி தலைமையில் அங்கேயே போய் மண்டபத்தின் வாசலை மறித்து அமர்ந்தார்கள். ஆகஸ்ட் மாதம் உடன்படிக்கை கையெழுத்தானது. அவர்களுக்காக வேறு யாரோ பேசியிருந்தால் அந்த வாசலை மறிக்க ஆள் இருந்திருக்காது.

பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து முறையிட வழி வேண்டும் என்பதை நம் முன்னோர் ஐயத்துக்கு இடமின்றி உரைத்துள்ளனர். ஆள்பவன் எவரும் எளிதில் காணத்தக்கவனாக இருக்கவேண்டும் என்கிறார் வள்ளுவர். முறையிட வருவோர்க்கு எளியனாக இல்லாத மன்னன் தானே கெடுவான் என்று எச்சரிக்கவும் செய்கிறார். துன்புற்றோர் சிந்தும் கண்ணீரே செல்வத்தை அழிக்கும் என்பதும் அவர் வாக்கு. மனுநீதிச் சோழன் கட்டிய மணி, கன்றை இழந்த பசுவுக்கும் எட்டும்படி தொங்கியது. சிலப்பதிகாரத்தில் வாயிற்காவலன் நடுநடுங்கி வந்து கண்ணகியின் வருகையைச் சொன்னபோது, பிழை செய்த பாண்டியன்கூட அவளை உள்ளே அழைத்துவரச் சொன்னான். அவள் பொருட்டுப் பேச வேறு ஆள் உண்டா என்று கேட்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லவும், அதை உடைத்து மெய்ப்பிக்கவும் அவளால்தானே முடிந்தது?

தன் எல்லைக்குள் யாரை விடுவது என்று முடிவுசெய்யும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டுதான். சட்டமும் மொழியும் அறிந்தவர்களின் பங்கும் சிறிதன்று. 2003இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற, பெண்கள் உரிமைக்கான மபூட்டோ நெறிமுறை அத்தகையோரின் உழைப்பால் விளைந்ததே. ஆனால் ஐ.நா. தலைமையகத்தை ஏற்ற நாடு அதற்குரிய கடமையையும் ஏற்றது. அழைக்கப்பட்டவர்களின் வருகைக்கு இடையூறு செய்வதில்லை என்று 1947 ஒப்பந்தத்தில் அமெரிக்கா வாக்களித்திருக்கிறது. நிபுணர் துணைநிற்கலாம், பாதிக்கப்பட்டவளின் இடத்தில் அமரக்கூடாது.

வழி இல்லாமலும் இல்லை. 1988இல் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத்துக்கு விசா மறுக்கப்பட்டபோது பொதுச்சபை பாலஸ்தீனப் பிரச்சினைக்கான தன் அமர்வையே ஜெனீவாவுக்கு மாற்றியது. ஒரு தலைவருக்காக இடம்பெயர்ந்த அவை, லட்சோபலட்சம் பெண்களுக்காக ஏன் இடம்பெயரக்கூடாது? 1985இல் உலகப் பெண்கள் மாநாட்டை நடத்திய நைரோபியில் ஐ.நா. அலுவலகம் இன்றும் இயங்குகிறது. தடை நீங்கும்வரை ஆணையம் அங்கே கூடட்டும். சமத்துவம் பேசுவோர் முதலில் அதைத் தம் அவையில் கடைப்பிடிக்க வேண்டும். எளியவர் நுழைய முடியாத அவை எத்தனை தீர்மானம் இயற்றினாலும் அது அறங்கூறும் அவையாகாது.