கனவும் நனவும்: ஒரு பம்பரச் சோதனை

கனவினுட் கனவு புகுந்து பிறர் உள்ளத்தில் எண்ணத்தை விதைத்தல் என்பதனைப் பொருளாகக் கொண்டு, 2010-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் நோலன் என்பார் இயற்றி வெளியிட்ட 'இன்செப்ஷன்' என்னும் ஆங்கிலப் படக்காட்சியின் முடிவு பற்றிய வழக்கு இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. படக்காட்சிகளை ஆராய்தல் நம் தொழிலன்று. ஆயினும், அவ்வழக்கில் எடுத்தாளப்பெறும் நியாயங்கள் நம் ஆசிரியன்மார் விஞ்ஞானவாதியோடும் மாயாவாதியோடும் நிகழ்த்திய வாதங்களைப் பெரிதும் ஒத்திருத்தலானும், இளைஞர் சிலர் அதனைக் காட்டி 'உலகம் கனவென்பது இதனாற் பெறப்படுமன்றோ' என வினவுதலானும், அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம்.

கதைச் சுருக்கம் வருமாறு. காப் என்பான் பிறர் கனவினுட் புகுந்து மறைபொருளைக் கவர்வதில் வல்லவன். மனைவியைக் கொன்றான் என்னும் பழியினால் தன் நாட்டிற் புகவியலாது, மக்கள் இருவரையும் பிரிந்து அலைகின்றான். சைட்டோ என்னும் பெருஞ்செல்வன், தன் வாணிகப் பகைவனாகிய ஃபிஷர் என்பானது உள்ளத்தில், தந்தை விட்டுச்சென்ற நிறுவனத்தைக் கலைத்துவிடும் எண்ணத்தை விதைத்தால் அப்பழியை நீக்குவதாக வாக்களிக்கின்றான். சிட்னியினின்று லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் பத்து மணி நேர விமானப் பயணத்தில் அஃது இயற்றப்படுகின்றது. அப்பத்து மணி நேரம் முதற்கனவில் ஒரு வாரமாகவும், அதனுட் கனவில் ஆறு மாதமாகவும், அதற்கும் உள்ளே பத்தாண்டாகவும் விரியுமாம். இறுதியிற் காப் வீடு திரும்புகின்றான். நனவோ கனவோ என்று தெளிதற்கு வைத்திருக்கும் சிறு பம்பரத்தை மேசைமேற் சுழலவிடுகின்றான். மக்கள் முகங்கண்டதும் அதனை நோக்காது அவர்பாற் செல்கின்றான். பம்பரம் சுழல்கின்றது, சிறிது தள்ளாடுவது போலும் இருக்கின்றது, அவ்வளவில் திரை இருள்கின்றது.

கனவில் அப்பம்பரம் ஓயாது சுழலும், நனவில் விழும் என்பது கதையிற் கூறப்பட்ட விதி. ஆதலின் அது விழுந்ததா இல்லையா என்று இருதிறத்தாரும் மலைகின்றனர். அதனை ஏதுவாகக் கொள்ளலாமோ என்பதை ஆராய்ந்தார் சிலரே.

காப்பின் துணைவனாகிய ஆர்தர், இத்தகைய அடையாளப் பொருள் வேறொருவர் கனவில் தான் இல்லை என்று அறிதற்கே உதவும் என்கின்றான். அதன் எடையும் இயல்பும் உடையவனுக்கன்றிப் பிறர்க்குத் தெரியா; ஆகலின் பிறர் கனவில் அவை பிறழ்ந்து தோன்றும். தன் கனவிலோ, தான் அறிந்தவாறும் விரும்பியவாறும் தோன்றுதற்குத் தடை யாது? விழவேண்டுமென விழைந்து உறங்குவான் கனவில் அது விழவும் கூடும். 'கனவில் விழாது' என்னும் உடனிகழ்ச்சி இங்ஙனம் பிறழ்தலின், இவ்வேது அநைகாந்திகமாம். மேலும், அப்பம்பரம் காப்பினுடையதன்று, இறந்த மனைவியினுடையது. அதன் மறையையும் அவன் மற்றொருத்திக்கு வெளியிட்டுவிட்டான். 'விழவில்லை' என்பதுதானும் 'இதுகாறும் விழவில்லை' என்னும் துணையே. எவ்வளவு காலம் நோக்கியிருந்தால் 'ஓயாது' என்று துணியலாம்? இவையெல்லாம் கிடக்க, ஐயுறப்பட்ட காட்சியின் உள்ளே நிற்கும் பம்பரத்தைக் கொண்டே அக்காட்சியை அளத்தல், நிறைகோல் செம்மையுடையதோ என்று அதே கோலிலிட்டு நிறுப்பதனை ஒக்கும். அளவைக்கு அளவை தேடின் வரம்பின்றியோடும் என்று அஞ்சியன்றோ, ஐயமும் திரிவும் நீங்கிய ஆன்ம சிற்சத்தியே அளவையென்றும் ஏனைய அதற்குக் கருவியென்றும் நம்மவர் வரையறுத்தனர்?

பம்பரத்தை விடுத்து நோக்கின் வேறு ஏதுக்கள் உள. கனவென்று ஐயமறத் தெரிந்த காட்சிகளிற் காப் மணமோதிரம் அணிந்திருக்கின்றான். நனவுக் காட்சிகளில் அஃது இல்லை. இறுதிக் காட்சியிலும் இல்லை. கனவுதோறும் முதுகு காட்டி நின்ற மக்கள் இறுதியில் முகங்காட்டுகின்றனர். நடித்தோர் பட்டியலில் அம்மக்கள் ஒவ்வொருவர்க்கும் வயது வேறுபட்ட இரண்டு குழந்தைகள் குறிக்கப்பெற்றிருத்தலின், அவர் வளர்ந்தனர் என்பதும் பெறப்படும். காப்பின் மாமனாராக நடித்த மைக்கேல் கெய்ன், தாம் தோன்றும் காட்சியெல்லாம் நனவே என்று இயக்குநர் தமக்குரைத்ததாக 2018-இற் கூறினார். இது கேட்டார்வாய்க் கேட்டதாகலின் ஆப்தவாக்கியமென்று தலைமேற் கொள்ளவேண்டுவதில்லை. எனினும் ஏனையவற்றோடு முரணாமையின் கொள்ளத்தகும். முடிவு நனவே என்பது நம் துணிபு.

இனி, கனவென்றே வைத்துக்கொள்ளினும் மாயாவாதி பெறும் ஊதியம் யாது? நனவில் முப்பத்தைந்து கருவிகளோடு புருவநடுவில் நின்ற உயிர், ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒழிய, இருபத்தைந்தோடு கண்டத்தில் நிற்பதே கனவு. கருவி குறைந்தது, காண்பான் பொய்யாயினானல்லன், நுகரும் இன்பதுன்பமும் பொய்யல்ல. நனவிற் பதிந்ததே கனவிற் கிளர்தலின், நனவின்றிக் கனவென ஒன்று இல்லை. நோலன் 2015-இற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்முன் ஆற்றிய உரையில், கனவுகள் மெய்ம்மையின் உட்கூறுகளே என்னும் கருத்துப்படப் பேசியிருத்தல் ஈண்டு நினைவிற்குரியது. அவர் நம் நூல்களைக் கற்றவரென்று சொல்ல வந்தோமல்லேம். சங்கரரும், விஞ்ஞானவாதியை மறுக்கும் சூத்திரபாடியத்தில், நனவுக் காட்சி கனவு போல்வதன்று என்றே விதந்து கூறினர். இதனை அவர் வழிவந்தோருட் பலர் மறந்துவிடுகின்றனர்.

அவ்வுரையிலேயே நோலன், காப் நனவோ கனவோ என்னும் கவலையை விட்டொழித்தான் என்றும், எல்லாத் தளங்களும் ஒருகால் மெய்யாகவே கொள்ளத்தக்கனவாகலாம் என்றும் குறித்தார். இதனைப் பற்றிக்கொண்டு, 'இன்பமுண்டாயின் போதும், பொருள் உண்டோ இன்றோ என்று ஆராய்வது எற்றுக்கு' என்பார் பலர். இதற்கு நாம் உடன்படேம். மகவின்மேல் அன்புடையான் விழைவது மகவையே, மகவினாற் றனக்கு விளையும் களிப்பையன்று. எதிரே நிற்பது மகவோ, தன் நினைவின் நிழலோ என்பதில் ஒருவனுக்கு வேறுபாடு தோன்றாதாயின், அவன் அன்பு செய்தது தன்னிடத்தே. காப் மக்கள்பாற் சென்றது தக்கது. பம்பரத்தைப் புறக்கணித்ததும் தக்கது, அது சான்றாகாமையின். கவலையின்மையால் அங்ஙனம் செய்தானெனின் அக்காரணம் தகாதது.

கதையில் நம் நெஞ்சைப் பெரிதும் வருத்தியது இறுதிக் காட்சியன்று. அவன் மனைவியின் செய்தி. அவள் பெயர் மால். தமிழில் அச்சொல் மயக்கமெனப் பொருள்படுதல் தற்செயலே. இருவரும் கனவின் அடித்தளத்தில் ஐம்பதாண்டளவு வாழ்ந்தனர். அவள் அதனையே மெய்யென நம்பி, தன் பம்பரத்தைப் பெட்டகத்துள் ஒளித்து, மீள மறுத்தாள். காப் அப்பெட்டகத்தைத் திறந்து பம்பரத்தைச் சுழற்றிவிட்டு மூடினான். 'இவ்வுலகம் மெய்யன்று' என்னும் எண்ணம் அவளுள் வேரூன்றியது. இருவரும் புகைவண்டிப் பாதையில் தலைவைத்து இறந்து விழித்தனர். விழித்த பின்னரும் அவ்வெண்ணம் அவளை விடவில்லை. பெற்ற மக்களைக் கனவுருவென்றாள். ஒரு மணநாளன்று விடுதிச் சாளரத்தினின்று கீழே விழுந்து மாண்டாள்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பதற்கு இதனினும் தெளிந்த காட்டு வேண்டுமோ? கனவை நனவென மயங்கினான் இழப்பன சில. நனவைக் கனவென மயங்கினாள் தன் உயிரை இழந்ததன்றி, மக்களைத் தாயற்றவராக்கிக் கணவன்மேற் கொலைப்பழியும் ஏற்றினாள். அவன் உரைத்தது பொய்யுமன்று. உரைத்த இடத்தில் அது மெய்யே. அவள் நின்ற நிலை மாறிய பின்னரும் மாறாது நின்றமையாற் பொய்யாயிற்று. நம் நூல்கள் உலகை அசத்து என்னுமிடத்து, இல்பொருள் என்னாது, நிலைபேறின்றித் திரிவது என்று பொருள் விரிப்பது எதனைக் காத்தற்பொருட்டு என்பதும், பக்குவம் நோக்காது இல்லறத்தார் கூடிய அவையில் 'யாவும் கனவே' என்று முழங்கும் சொற்பொழிவாளர் எதனை விதைக்கின்றனர் என்பதும், மடங்களிற் பாடஞ்சொல்வோர் ஒருமுறை எண்ணிப்பார்க்கத் தக்கன.