இராமனின் சோர்வும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

யௌவனப் பிராயத்தில் ஒரு பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும், ஒருவரோடும் முகங்கொடுத்துப் பேசாமலும் அறைக்குள் முடங்கிவிட்டால், ஆஸ்திகக் குடும்பங்களில் முதலில் எழுகிற கேள்வி, அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, நாம் என்ன பாவம் செய்தோம் என்பதாகவே பெரும்பாலும் இருக்கக் கண்டிருக்கிறேன். அடுத்தபடியாக வருவது, பக்தி போதாது, கோவிலுக்குப் போகிற வழக்கம் விட்டுப்போயிற்று, அதனால்தான் மனம் கெட்டது என்னும் தீர்ப்பு. மனத்தின் பிணி தெய்வ நம்பிக்கையின் குறைவுதானா என்பதைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த விசாரத்துக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடமொழியில் யோக வாசிஷ்டம் என்றும், வீரை ஆளவந்தார் தமிழில் பாடியபடி ஞானவாசிட்டம் என்றும் நாம் போற்றுகிற நூல், ஓர் இளைஞனுடைய மனச்சோர்விலிருந்துதான் தொடங்குகிறது. பதினாறு பிராயம் நிரம்பாத இராமன், தீர்த்த யாத்திரை போய்த் திரும்பிய பிறகு நாளுக்கு நாள் மெலிகிறான். போஜனத்தில் விருப்பமில்லை, ஆடை ஆபரணங்களில் நாட்டமில்லை. தந்தை மடியில் இருத்திக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்கிறான். இன்றைக்கும் நம் பிள்ளைகள் சொல்லுகிற பதில் இதுவே. பிறகு விசுவாமித்திரர் அவனைச் சபைக்கு வரவழைத்துக் கேட்கிறார். அரசரும் முனிவர்களும் சூழ்ந்திருக்க, செல்வம், யௌவனம், ஆயுள், ஆசை ஆகிய எல்லாவற்றின் மீதும் தனக்கு உண்டாகிய கசப்பை அந்தப் பிள்ளை மனம் விட்டுச் சொல்லுகிறான். அந்நூலின் வைராக்கியப் பிரகரணத்தின் பெரும்பகுதி அவனுடைய பேச்சே. ‘உனக்கு என்ன குறை’ என்று எவரும் குறுக்கிடவில்லை. வசிஷ்டருடைய உபதேசம் அதற்குப் பிறகே வருகிறது.

இராமனுக்கு வந்தது விவேகத்தின் உதயமல்லவா, அதை நோயோடு சேர்த்துப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அதே நூல், மனத்தின் பிணியை ஆதி என்றும் உடலின் பிணியை வியாதி என்றும் பெயரிட்டு, முன்னதிலிருந்து பின்னது பிறக்கும் விதத்தைச் சூடாலையின் கதையில் விரிக்கிறது. மனத்துக்கும் பிணி உண்டென்பது சாஸ்திரம் அறியாததன்று. வைராக்கியம் கொண்டவன் வேண்டாமென்று விலக்குகிறான். மனச்சோர்வு கொண்டவனோ, தான் மிகவும் விரும்பியவற்றைக்கூட அணுகமுடியாமல் தவிக்கிறான். எங்கள் தெருவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பையன் அப்படித்தான் இருந்தான். கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் மறந்தவன், மட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. நெற்றியில் காலையில் தாய் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. தலைமாட்டில் அவள் வைத்துவிட்டுப் போன தயிர்சாதம் மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தது. ‘சாமி கும்பிடத்தான் பார்க்கிறேன் மாமா, மனசு நிற்க மாட்டேன் என்கிறது’ என்றான். பக்தி இல்லாதவன் பேசுகிற பேச்சா இது?

மனநோய்களில் பெரும்பாலானவை இருபத்தைந்து வயதுக்குள்ளாகவே தலைகாட்டிவிடுகின்றன. பரம்பரை, தூக்கக்கேடு, இழப்பு, அவமானம், பரீட்சையைப் பற்றிய பயம், வீட்டின் கடன் எனப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கையில், ஒரு பாவத்தைத் தேடிப் பிடித்து அதன்மேல் பழிபோடுவது விசாரம் ஆகாது.

பிரார்த்தனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் 48 நாள் தங்கி, முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெற்று நிற்கிறவர்களைப் பார்த்தவர்கள், அந்த ஒழுங்கும் அரவணைப்பும் தரும் ஆறுதலை மறுக்கமாட்டார்கள். ஆனால் தர்காவை நம்பி மக்கள் வருகிற ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தெய்வ நம்பிக்கை அன்று. நோயாளியை மனிதனாக எண்ணாத மனம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த நோயாளியையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாதென்று தடுத்திருக்கிறது. ஏர்வாடியிலேயே இப்போது மருந்தும் துஆ என்னும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கின்றன. அதுவே சரியான வழி என்பது என் முடிவு.

அந்தப் பையனை அவன் தாய் ஒருநாள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மாத்திரையின் குணம் தெரிய மூன்று நான்கு வாரமாகும், இடையில் நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். வாரமொருமுறை ஓர் ஆலோசகர் அவனை உட்காரவைத்து, அவன் சொன்னதையெல்லாம் கேட்டார். கயிற்றை அவிழ்க்கும்படி இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. ஏழெட்டு மாதத்தில் அவன் கல்லூரிக்குத் திரும்பினான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒன்றுமில்லை என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், சாக விரும்புவதாகச் சொன்னால் பயமுறுத்துகிறான் என்று எண்ணாமல், அவனைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால், அரசாங்கத்தின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.