குழு யாருடையது?

பந்தாட்டத்தைப் பற்றிச் சங்க ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. நாம் பேச வந்தது ஆட்டத்தை அல்ல; அதில் போடும் முதலையும் அதிலுள்ள அமானிதத்தையும்.

ஜொகூர் தாருல் தக்சிம் குழு ஆடும் இரவுகளில் குளுவாங் கடைகளில் வேறு பேச்சே இல்லை. துங்கு இஸ்மாயில் அவர்களின் ஆதரவில் 2014 முதல் 2025 வரை அக்குழு சூப்பர் லீக்கைத் தொடர்ந்து 11 முறை வென்றது. 2015-ல் ஏ.எப்.சி. கிண்ணமும் கிடைத்தது. 2020-ல் இஸ்கந்தர் புத்ரியில் சுமார் 20 கோடி வெள்ளியில் புதிய அரங்கு திறக்கப்பட்டது. நமக்கும் பெருமைதான்.

ஆனால் அதே லீக்கில் கெடா ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். 2025-26 பருவத்தில் கெடா, பேராக், பகாங் என்ற பழைய குழுக்கள் மூன்றும் லீக்கில் இல்லை.

அப்படியானால் குழு யாருடையது? முதல் போட்டவருடையதா, ஊராருடையதா? ஜெர்மனியில், சில விலக்குகள் நீங்கலாக, பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை சங்க அங்கத்தினரிடமே இருக்கவேண்டும் என்பது விதி. இங்கே அப்படி விதியில்லை. ஆனாலும் நமக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்று உண்டு. பள்ளிவாசல் சொத்தை முத்தவல்லி நிர்வகிக்கிறார். அது அவருடைய சொத்தன்று. ஊரின் பெயரைத் தாங்கும் குழுவும் அப்படியே. நிர்வாகம் முதல் போட்டவருக்கு உரியது. பெயர் அவரிடம் அமானிதம். பெயரை ஏற்றவர் அதன் கடனையும் ஏற்றவரே.

அந்தக் கடனில் முதலாவது கோப்பையல்ல, கூலி. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பந்தாட்டக்காரனும் கூலியாள்தான். அரங்கு கட்டுவது குற்றமன்று. கூலியைப் பாக்கி வைத்துவிட்டுப் பெருமை தேடுவதே குற்றம்.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா? ஒரு சமயம் உள்ளூர்ப் பந்தயத்துக்கு நன்கொடை கொடுத்து, திடலில் நம் கடைப் பெயரைக் கட்டச் செய்தோம். அதே மாதம் கடைப் பையனுக்குப் பாதிச் சம்பளம் பாக்கி. அந்தத் துணியைக் கட்டியவனும் அவனே. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பாக்கியைத் தீர்த்தோம். வெட்கம் இன்னும் தீரவில்லை.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே, நன்கொடைச் சீட்டில் கையொப்பமிடுமுன் சம்பளப் பேரேட்டை ஒருமுறை புரட்டுங்கள். அங்கே பாக்கி இல்லையென்றால் தாராளமாகக் கொடுங்கள், கைதட்டுங்கள். வல்ல அல்லாஹ் நம் கணக்கை நேராக்குவானாக. ஆமீன்.