ஐயம் தீராத நிலையில் மருத்துவரின் கடமை

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகளில் பாக்டீரியாக்களால் உண்டாகும் மூளையுறை அழற்சி, குழந்தை மருத்துவத்துக்கு மட்டுமன்றி மெய்யியலுக்கும் உரிய ஒரு வினாவை எழுப்புகிறது: உறுதியாக அறியப்படாத நோய்க்கு மருந்து தருவது முறையாகுமா? போதிய சான்றின்றி எதையும் நம்புவது தவறு என்று 1877-இல் மெய்யியலாளர் வில்லியம் கிளிஃபர்டு வாதிட்டார். தவிர்க்கவியலாத சில தேர்வுகளில் முடிவெடுக்காதிருப்பதும் ஒரு முடிவே என்று 1896-இல் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார்.

வளர்ந்த குழந்தையிடம் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டு கூசுதல் ஆகியவை நோயைச் சுட்டுகின்றன. கைக்குழந்தையிடமோ கழுத்து விறைக்காமலே போகலாம், காய்ச்சலுக்கு மாறாக உடல் குளிர்ந்தும் இருக்கலாம், பால் குடிக்க மறுப்பதும் சோர்ந்து கிடப்பதும் கீச்சிட்டு அழுவதும் உச்சிக்குழி புடைப்பதுமே குறிகளாக அமையலாம் என்பதால், குறி இல்லாமை நோய் இல்லாமைக்குச் சான்றாகாது. ஐயத்தைப் பெரிதும் தீர்ப்பது, ஹைன்ரிஷ் குவிங்கே 1891-இல் விவரித்த முறைப்படி இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்து ஆராய்வதே. ஆனால் குழந்தை அதிர்ச்சி நிலையில் இருந்தாலோ மூளையழுத்தம் மிகுந்திருந்தாலோ அந்த ஊசியைத் தள்ளிவைக்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தள்ளிவைக்கலாகாது.

இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. மருந்து செலுத்திய சில மணி நேரத்துக்குள், மெனிங்கோகாக்கஸ் கிருமியாயின் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே, தண்டுவட நீரில் கிருமி வளராமல் போகக்கூடும். உயிரைக் காக்கும் செயலே அறிவுக்கான சான்றையும் அழிக்கிறது. காலம் தாழ்த்தாமல் முன்கூட்டி இரத்தம் எடுத்துவைப்பதும், கிருமியின் மரபுப்பொருளைக் கண்டறியும் பிசிஆர் சோதனையும் அவ்விழப்பை ஓரளவே ஈடுசெய்கின்றன.

எனினும் கிளிஃபர்டும் ஜேம்ஸும் வழக்காடியது நம்பிக்கையைப் பற்றி. மருந்து செலுத்தும் மருத்துவரோ நோய் இதுவே என்று நம்பவேண்டியதில்லை. ஐயத்தைத் தன் பதினாறு பதார்த்தங்களுள், அதாவது ஆய்வுக்குரிய அடிப்படைக் கருத்துகளுள், ஒன்றாக வைத்து, ஆராய்ச்சியைத் தூண்டுவதாகக் கருதிய இந்திய மெய்யியலின் நியாய மரபு இந்நிலைக்கு நெருக்கமானது. ஐயத்தை ஐயமாகவே வைத்துக்கொண்டு செயல்படுபவரே, சோதனைகள் வேறு நோயைக் காட்டும்போது தயக்கமின்றி மருந்தை நிறுத்த வல்லவர்; உறுதி கிட்டிவிட்டதாகப் பெற்றோரிடம் பாவனை செய்யும் தேவையும் அவருக்கு இல்லை.

தேவையற்ற சில ஊசிகளால் விளையும் தீங்கு பெரும்பாலும் சிறியது. இந்நோய் தாக்கியும் சிகிச்சை பெறாத குழந்தையோ ஏறத்தாழ எப்போதும் இறந்துவிடுகிறது, பிழைத்தாலும் செவிப்புலனை இழக்கக்கூடும். ஆதலால் மேற்கூறிய குறிகளுள் ஒன்றேனும் கவலை தருமளவு தென்பட்டால், பெற்றோர் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.