முணுமுணுப்புக்குச் செவிகொடுத்த திருச்சபை



நம் ஆசிரியர்களுக்காக இன்று இத்திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்டோம். எருசலேமில் சீடர்களின் தொகை பெருகிவந்த நாள்கள் அவை. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முணுமுணுத்தார்கள். தூய ஆவியைப் பெற்ற சபைக்குள்ளேயே மனத்தாங்கல் இருந்தது. பள்ளி ஆசிரியர் அறையில் அது எழுவதில் வியப்பென்ன?

திருத்தூதர்கள், முணுமுணுத்தது யார் என்று விசாரணை வைக்கவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள். எழுவரைச் சபையே தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் தரப்பை நம்பியே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

ஆசிரியர்களின் பாதுகாவலர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசாலும் இதே சோதனையைச் சந்தித்தவர். பிரான்சின் ரீம்ஸ் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்களிடம், நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம், இறைவன் பார்த்துக்கொள்வார் என்றார். உங்களுக்குச் சொத்தும் பேராலயப் பதவியும் இருக்கின்றன, பள்ளி மூடினால் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். அவர் சினம் கொள்ளவில்லை. 1683இல் அந்தப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு அப்பமாகக் கொடுத்துத் தீர்த்தார். அதன்பின் அவருடைய சொல் ஆசிரியர்களின் நெஞ்சில் நின்றது.

குமாரபாளையத்தில் தறி ஓட்டும் உங்களுக்குத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி அப்போதே முடிச்சுப் போட வேண்டும். பார்த்தும் ஓட்டினால் துணி நெடுகப் பழுது விழும். பள்ளியில் எழும் மனத்தாங்கலும் அப்படித்தான்.

அரசு உதவி பெறும் பள்ளிகளில், அரசு ஊதியம் வாங்குபவரும் நிர்வாகம் தரும் சிறு ஊதியத்தில் உழைப்பவரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். வேலை ஒன்று, சம்பளம் வேறு. வராதவரின் பாடவேளை யார் தலையில் விழுகிறது என்பதும் அங்கே பெரிய காயம்தான். இவற்றைப் பேசாமல் ஒற்றுமையைப் பற்றி மட்டும் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

தாளாளர்களே, தலைமை ஆசிரியர்களே, கூட்டத்தில் முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியரைக் கடிந்துகொள்ளாதீர்கள். முடிவுக்குக் காரணம் சொல்லுங்கள். சுமையைப் பகிரும்போது உங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, ஒருவர்மேல் குறை இருந்தால் ஆண்டவர் கற்பித்தபடி அவரிடமே தனியாகச் சொல்லுங்கள். புறம்பேச்சு யாரையும் திருத்தியதில்லை. பெற்றோரே, பிள்ளையின் காதுபட ஆசிரியரை இழித்துப் பேசாதீர்கள்.

எருசலேமில் அந்தக் குறை தீர்ந்தபின் இறைவார்த்தை பரவியது, சீடர்கள் பெருகினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பெரியவர்கள் ஒருவரையொருவர் நம்பும் பள்ளியில்தான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அச்சமின்றிக் கை தூக்கிக் கேள்வி கேட்கும். அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்பும் துணிவை ஆண்டவர் நம் அனைவருக்கும் அருள்வாராக. ஆமென்.