துண்டின் கரை

2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடியின் மேடைப் பேச்சொன்று பரவியது. சைவ, வைணவக் குறிகளைக் கேலி செய்யும் கதை; அதற்குள் பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண். அதே ஆண்டு அக்டோபரில் சி.வி.சண்முகம் இலவசங்களைக் கேலி செய்தார். மிக்ஸி, கிரைண்டர், ஆடு, மாடு என்று அடுக்கிக்கொண்டே போய், தேர்தல் வந்தால் மனைவியைக்கூட இலவசமாகத் தருவார்கள் என்றார். ஒருவர் தி.மு.க., மற்றவர் அ.தி.மு.க. இருவரும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள். 2011-இல் விழுப்புரம் தொகுதியில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே தினமும் போய்வருகிறேன். ஏப்ரலில் "வெட்டி எடுத்ததைப் பார்க்காதீங்க, முழுப் பேச்சையும் கேளுங்க" என்ற வாய்கள், அக்டோபரில் வெட்டி எடுத்த துண்டைத்தான் பகிர்ந்தன. ஏப்ரலில் கொதித்தவர்களோ "சும்மா ஒரு நக்கல்தானே மேடம்" என்றார்கள்.

இதை வெறும் வேஷம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறது. நம்மவர் பேசினால் கேலியின் இலக்கு காதில் விழுகிறது: மதம், ஓட்டுக்கான இலவசம். எதிராளி பேசினால்தான் அதற்குள் இருக்கும் பெண் காதில் விழுகிறாள். ஆக, அவளுக்கு நேர்ந்ததைச் சரியாகக் கேட்கிறவர் எப்போதும் எதிர்க்கட்சிக்காரர். அவருக்கோ அவள் தேவையில்லை, அந்தக் காயம் மட்டும் தேவை.

மதக்குறிகளைக் கேலி செய்வதில் எனக்குப் புகார் கிடையாது. பகுத்தறிவு மேடைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேலிக்கு ஒரு பெண்ணுடல் எதற்கு என்பதே என் கேள்வி. சண்முகத்தின் பேச்சில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மிக்ஸி, கிரைண்டர், ஆடு, மாடெல்லாம் ஜெயலலிதா ஆட்சி 2011 முதல் கொடுத்தவை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கழிந்த பொழுதை எத்தனையோ பெண்களுக்கு மிச்சப்படுத்தியவை. அந்தப் பட்டியலின் கடைசிப் பொருளாக அவர்களையே சேர்த்தார்!

ஏப்ரலில் கனிமொழி தம் கட்சி அமைச்சரின் பேச்சை வெளிப்படையாகக் கண்டித்தார். தன் பக்கத்து மேடையிலும் அந்தப் பெண்ணைக் கேட்ட காது அது, அபூர்வம். பொன்முடி கட்சிப் பதவியையும் அமைச்சர் பதவியையும் இழந்தார். நவம்பரில் அதே கட்சிப் பதவி திரும்பி வந்தது. அக்டோபர்ப் பேச்சுக்கு அந்த விலைகூட இல்லை.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பிரிக்கிறது. வகுப்பில் இதற்கு நான் காட்டும் உதாரணம், தொண்டைமானிடம் தூது போன ஔவை. அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று இருப்பதைப் புகழ்கிறாள். அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகச் சொல்கிறாள். போரே பார்க்காத படை என்று முகத்துக்கு நேரே சொன்னாயிற்று.

"அப்போ ஔவையும் அதியமான் கட்சிதானே மேடம்?" என்றாள் ஒரு மாணவி.

"ஆமாம், முழுக்க அவன் கட்சி. அந்தப் பாட்டில் தொண்டைமான் வீட்டுப் பெண்கள் யாராவது வருகிறார்களா, பார்."

அவள் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி படிக்கத் தொடங்கினாள்.